சாமி காரியமே குற்றமானால்?

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. காய்ச்சினால் குற்றம், விற்றால் குற்றம், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலும் குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கும் கிண்ணத்தில் இருப்பது திராட்சை ரசம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் யூதர் வீடுகளில் ஆசி சொல்லிப் பருகுவதும் அதுதான். அதனால் வழிபாட்டுக்கான ஒயினுக்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதினார்கள். குருமாரும் ரபிகளும் அனுமதி பெற்று அதை வாங்கிக்கொள்ள முடிந்தது.

இனி 1984க்கு வருவோம். ஒரிகன் மாநிலத்தில் ரோஸ்பர்க் என்ற ஊர். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள வருகிறவர்களுக்கு உதவும் நிறுவனம் ஒன்றில் ஆல் ஸ்மித் ஆலோசகராக இருந்தார். கிளமத் பூர்வகுடியைச் சேர்ந்தவர், வயது 64. அவரே பல வருடங்களுக்கு முன் குடியிலிருந்து மீண்டவர். பூர்வகுடிகளின் நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் நடத்தும் இரவு வழிபாடு ஒன்றுக்கு அவர் போக விரும்பினார். அந்த வழிபாட்டில் நடுவே நெருப்பு எரியும், விடிய விடியப் பாட்டும் பறையொலியும் இருக்கும், பெயோட்டி என்ற முள்ளில்லாத சின்னக் கள்ளியைப் பிரசாதம்போல உண்பார்கள். அதில் மெஸ்கலின் என்ற மயக்கப் பொருள் இருக்கிறது. ஒரிகன் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். போனால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார்கள். போனார், வேலை போனது. அவருக்கு முன்பே சக ஊழியர் கேலன் பிளாக் அதே காரணத்துக்காக நீக்கப்பட்டிருந்தார். வேலை இல்லாத காலத்துக்கு அரசு தரும் உதவித்தொகையும் இருவருக்கும் மறுக்கப்பட்டது.

ஒயினுக்குத் திறந்த வாசல் பெயோட்டிக்கு ஏன் திறக்கவில்லை? "இது என் வழிபாடு" என்று சொன்னால் குற்றச் சட்டம் எந்த அளவுக்கு விலகி வழிவிட வேண்டும்? நூற்றைம்பது வருடங்களாக அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டம் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் "பொதுச் சட்டம்" என்பது என்ன? எந்த மதத்தையும் மனதில் வைக்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி போடப்படும் சட்டம். போதைப்பொருள் வைத்திருக்கக் கூடாது, ஒருவர் இரண்டு திருமணம் செய்யக் கூடாது, வண்டி ஓட்டினால் ஹெல்மெட் போட வேண்டும் என்பவை பொதுச் சட்டங்கள். ஒரு மதத்தைக் குறிவைத்து, அதன் வழிபாட்டைத் தடுக்கவே போடும் சட்டம் வேறு வகை. இந்த இரண்டாவது வகையில் பெரிய சிக்கல் இல்லை, அரசியல் சாசனம் அதை அநேகமாக நேரடியாகவே அடித்துவிடும். சிக்கல் எல்லாம் முதல் வகையில்தான். சட்டத்துக்கு யார்மீதும் பகை இல்லை, ஆனால் அது வந்து விழும் இடத்தில் யாரோ ஒருவருடைய சாமி காரியம் இருக்கிறது.

இதில் இன்னொரு குழப்பத்தையும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. "நான் பக்தியோடு செய்தேன், கெட்ட எண்ணம் இல்லை, அதனால் குற்றம் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் சட்டம் பார்க்கிற "எண்ணம்" வேறு, நாம் பேச்சில் சொல்லும் "நல்ல எண்ணம்" வேறு. தெரிந்து செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கும். எதற்காகச் செய்தார் என்பது தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. அதனால்தான் மதச் சுதந்திரம் என்பது தனியாக எழுப்ப வேண்டிய ஓர் எதிர்வாதம். "நான் செய்யவில்லை" என்றோ "தெரியாமல் செய்தேன்" என்றோ சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "செய்தேன், தெரிந்தே செய்தேன், ஆனால் இதற்காக என்னைத் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை" என்று சொல்வது இது.

இந்த வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலில் விரிவாகச் சந்தித்தது 1879ல். யூட்டா பிரதேசத்தில் மார்மன் சபையினர் அப்போது பலதார மணத்தை மதக் கடமையாகவே கருதினார்கள். 1862ல் நாடாளுமன்றம் அதைக் குற்றமாக்கியது. சபைத் தலைவர் பிரிகம் யங்கின் செயலாளராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் இரண்டாவது திருமணம் செய்து வழக்கில் சிக்கினார். மதக் கடமை என்று நம்பிச் செய்தவரைக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என ஜூரிக்கு அறிவுறுத்தும்படி அவர் கேட்டார். விசாரணை நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஓரிடம் நம்மைச் சட்டென்று நிறுத்தும். கணவன் சிதையில் தானும் எரிவது மதக் கடமை என்று ஒரு பெண் நம்பினால், அரசு அதைத் தடுக்கக் கூடாதா என்று அவர் கேட்கிறார். இந்தியாவில் உடன்கட்டை ஏறுவது 1829ல் தடை செய்யப்பட்டு ஐம்பது வருடம் ஆன பிறகு, வாஷிங்டனில் உட்கார்ந்து ஒரு நீதிபதி அந்தச் சிதையைத் தன் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறார். நம்பிக்கையில் சட்டம் தலையிடாது, செயலில் தலையிடும் என்பதுதான் அவர் போட்ட கோடு. இல்லாவிட்டால் ஒவ்வொரு குடிமகனும் தனக்குத் தானே சட்டம் ஆகிவிடுவான் என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பிக்கையையும் செயலையும் இப்படிக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பெரும்பாலான மக்களுக்கு மதம் என்பதே செய்வதுதான். பொங்கல் வைப்பது, நோன்பு இருப்பது, முடி இறக்குவது, தலைப்பாகை கட்டுவது. "மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நம்பிக்கொள், கையால் எதுவும் செய்யாதே" என்றால் அந்தச் சுதந்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

நீதிமன்றத்துக்கும் பின்னாளில் அந்தச் சந்தேகம் வந்தது. தென் கரோலினாவில் ஏடல் ஷெர்பர்ட் என்ற ஆலைத் தொழிலாளி, சனிக்கிழமை தன் மதப்படி ஓய்வுநாள் என்பதால் வேலைக்கு வர மறுத்து, வேலையை இழந்தார். அவருக்கு உதவித்தொகையை மறுத்தது தவறு என்று 1963ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு ஒரு புதிய அளவுகோலையும் கொண்டுவந்தது. ஒருவருடைய மத வழக்கத்தின்மீது அரசு பாரம் ஏற்றினால், அதற்கு மிக அவசியமான காரணம் இருப்பதை அரசுதான் காட்ட வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், விஷயத்தின் நெஞ்சே இதுதான். மதம் பெரியதா சட்டம் பெரியதா என்று வெளியில் விவாதம் நடக்கும். நீதிமன்றத்துக்குள் நடப்பது அது இல்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர் யார், பக்தரா அரசா? அந்தச் சுமை யார் தலையில் விழுகிறதோ அவர்தான் பெரும்பாலும் தோற்கிறார்.

1972ல் இதே அளவுகோல் ஒரு குற்ற வழக்கிலும் வென்றது. விஸ்கான்சினில் ஆமிஷ், மெனனைட் என்ற கிறிஸ்தவ சமூகங்களைச் சேர்ந்த மூன்று தகப்பன்மார் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பதினாறு வயதுவரை கட்டாயக் கல்வி என்பது அங்கே சட்டம். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சின்னதுதான், ஆனாலும் அது குற்றத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிலத்தையும் கைத்தொழிலையும் நம்பி உலகத்திலிருந்து ஒதுங்கி வாழும் ஒரு சமூகத்துக்கு இன்னும் இரண்டு வருட உயர்நிலைப் பள்ளியைக் கட்டாயமாக்கும் அளவுக்கு அரசு காட்டிய காரணம் வலுவாக இல்லை என்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வி எழுப்பினார்: அந்தப் பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா? அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

சரி, இப்போது ஆல் ஸ்மித்திடம் திரும்புவோம். ஒரு நுட்பத்தைச் சொல்லிவிட வேண்டும்: பெயோட்டி உண்டதற்காக அவர்மீதோ பிளாக்மீதோ யாரும் குற்ற வழக்குப் போடவில்லை. வழக்கு உதவித்தொகையைப் பற்றியது. ஆனால் ஒரிகன் அரசின் வாதமே அது குற்றச் செயல் என்பதுதான். அதனால், வழிபாட்டில் பெயோட்டி உண்பதை ஒரு மாநிலம் குற்றமாக்க முடியுமா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

1990 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா எழுதினார். சட்டம் மதத்தைக் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அதன் விளைவாக யாருடைய வழிபாடு முடங்கினாலும் அரசு தனியாக எந்தக் காரணமும் காட்ட வேண்டியதில்லை என்றார். ஷெர்பர்ட் வழக்கில் அரசின் தலையில் வைத்த சுமையை, குற்றச் சட்டங்களைப் பொறுத்தவரை இறக்கி வைத்துவிட்டார். விலக்கு வேண்டுமானால் சட்டமன்றத்திடம் போய்க் கேளுங்கள். சிறிய மதங்களுக்கு இது பாதகமாக முடியலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஜனநாயகத்தில் அது தவிர்க்க முடியாத விளைவு, ஒவ்வொருவர் மனசாட்சியும் தனிச் சட்டமாகிவிடுவதைவிட அது மேல் என்று எழுதினார்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒப்புதல் இல்லை. ஸ்கலியாவின் பயம் பொய்யான பயம் என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு விலக்கு கேட்டால் சட்டம் சல்லடையாகிவிடும் என்பது உண்மையான கவலைதான். ஆனால் "எல்லோருக்கும் பொது" என்ற சொல்லை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார். பெரும்பான்மை மக்கள் தங்கள் வழிபாட்டை எந்தக் காலத்திலும் குற்றமாக்கிக்கொள்ள மாட்டார்கள். மதுவிலக்குச் சட்டம் எழுதும்போதே ஒயின் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், அதை எழுதியவர்களின் அக்கம்பக்கத்தில் தேவாலயம் இருந்தது. ஒரிகன் சட்டத்தை எழுதும்போது பெயோட்டி யார் நினைவுக்கும் வரவில்லை, ஏனென்றால் அந்த அறையில் கிளமத் மனிதர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதி பிளாக்மன் இதே மதுவிலக்குக் கால ஒயினை எடுத்துக்காட்டினார். அவரோடு சேர்த்து மூன்று பேர்தான் அந்தப் பக்கம்.

தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது என்றுகூடச் சொல்லலாம். பொதுவாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அமைப்புகள், இடதுசாரி உரிமை இயக்கங்களும் பழமைவாத கிறிஸ்தவ சபைகளும், ஒரே மேசையில் உட்கார்ந்தன. இன்று பூர்வகுடியின் கள்ளி என்றால் நாளைக்கு நம் வழிபாட்டுக்கும் இதே கதிதான் என்று எல்லோருக்கும் உறைத்தது. விளைவாக மதச் சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. செனட்டில் 97 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. 1993 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். பொதுச் சட்டமாக இருந்தாலும் சரி, மத வழக்கத்துக்குக் கணிசமான இடைஞ்சல் வந்தால் அரசு விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று, பழைய சுமையை அரசின் தலைக்கே திருப்பி வைத்தது அந்தச் சட்டம்.

ஆனால் 1997ல் இதில் பாதி போய்விட்டது. டெக்சாஸில் போர்னி என்ற ஊரில் தேவாலயத்தைப் பெரிதாக்கிக் கட்டுவது சம்பந்தமான வழக்கில், இந்தச் சட்டத்தால் மாநிலங்களைக் கட்டுப்படுத்த மத்திய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இன்று நிலைமை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மத்திய அரசின் குற்றச் சட்டம் என்றால் மீட்புச் சட்டத்தைக் காட்டலாம். மாநிலக் குற்றச் சட்டம் என்றால் அந்த மாநிலம் தனியாக அப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறதா, அதன் சொந்தச் சாசனம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஸ்கலியாவின் தீர்ப்புதான். அதை ரத்து செய்யச் சொல்லி 2021ல் பிலடெல்பியா நகரம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் கேட்டார்கள், நீதிமன்றம் அதைத் தொடாமலேயே வழக்கை முடித்தது.

மீட்புச் சட்டத்தின்படி ஒரு குற்ற வழக்கில் இந்த எதிர்வாதம் எப்படி நகரும்? குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: தன் நம்பிக்கை மெய்யானது, அது மதம் சார்ந்தது, வழக்கு அதற்குக் கணிசமான இடைஞ்சல் தருகிறது. காட்டிவிட்டால் முறை அரசுக்கு மாறுகிறது. மிக அவசியமான காரணம் இருக்கிறது என்று அரசு நிரூபிக்க வேண்டும். அது மட்டும் போதாது, இந்த மனிதரைத் தண்டிப்பதைவிடக் குறைந்த இடைஞ்சலில் அந்தக் காரியத்தை நிறைவேற்ற வேறு வழியே இல்லை என்பதையும் காட்ட வேண்டும்.

"மெய்யான நம்பிக்கை" என்ற முதல் படியிலேயே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நம்பிக்கை சரியா தவறா என்று நீதிபதி பார்க்க முடியாது. 1944ல், நோய் தீர்க்கும் சக்தி தங்களுக்கு இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கியதாக ஒரு குடும்பத்தின்மீது தபால் மோசடி வழக்கு வந்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்தச் சக்தி உண்மையா என்று ஜூரி தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் அதை உண்மையிலேயே நம்பினார்களா என்பதை மட்டும்தான் விசாரிக்கலாம். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் எந்த மதத்தின் அற்புதம்தான் குறுக்கு விசாரணையில் தப்பும்?

நம்பினார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நடத்தையைப் பார்த்துத்தான். நியூ மெக்சிகோவில் கஞ்சாவைத் தெய்வமாக வணங்குவதாகச் சொன்ன ஒரு சபையின் நிறுவனர்கள் பெருமளவு கஞ்சாவோடு பிடிபட்டார்கள். சரக்கு ஏற்றிவரப் போன ஆளை முந்தின இரவுதான் அவசரமாகச் சபையில் சேர்த்திருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. வியாபாரத்துக்கு மதப் போர்வை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2010ல் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். மதச் சுதந்திரத்தில் அவர் அக்கறை உள்ளவர்தான். அந்த அக்கறை இருப்பவர்கள்தான் இந்தப் படியில் கறாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போலிகள் ஒவ்வொரு முறை தப்பும்போதும், அடுத்து வரும் மெய்யான பக்தரை நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

இரண்டாவது பாதி, அதாவது அரசு சொல்ல வேண்டிய பதில், எப்படி இருக்கும் என்பதற்கு 2006ல் வந்த தீர்ப்பைவிட நல்ல பாடம் இல்லை. பிரேசிலில் தோன்றிய உனியாவ் டோ வெஜெட்டால் என்ற சிறு கிறிஸ்தவ சபை. அமெரிக்காவில் அதற்குச் சுமார் 130 பேர்தான். அமேசான் காட்டுச் செடிகளைக் கொதிக்கவைத்த ஒரு தேநீரைப் பருகுவது அவர்களுடைய திருவிருந்து. அதில் தடை செய்யப்பட்ட மயக்கப் பொருள் ஒன்று இருக்கிறது. 1999ல் சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். குற்ற வழக்கு வரும் என்ற மிரட்டலும் சேர்ந்தது. கைதாகும்வரை காத்திருக்காமல் சபையே முந்திக்கொண்டு நீதிமன்றம் போனது.

போதைப்பொருள் சட்டத்தில் யாருக்கும் விலக்கு கொடுக்க முடியாது, ஓர் ஓட்டை விழுந்தால் முழுவதும் கிழிந்துவிடும் என்பது அரசின் வாதம். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் இதற்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பூர்வகுடிகளின் பெயோட்டிக்கு மத்திய அரசே முப்பத்தைந்து வருடங்களாக விலக்கு கொடுத்து வைத்திருக்கிறது. லட்சக்கணக்கானவர்களுக்கு விலக்கு கொடுத்தும் சட்டம் கிழியவில்லை என்றால், இந்த 130 பேருக்குக் கொடுத்தால் மட்டும் எப்படிக் கிழியும்? கலந்துகொண்ட எட்டு நீதிபதிகளும் சபையின் பக்கம் நின்றார்கள். ஸ்மித் வழக்கில் தோற்ற அதே கள்ளி, பதினாறு வருடம் கழித்து இன்னொரு சிறு சபையைக் காப்பாற்றியது.

இங்கே நீதிமன்றம் செய்தது என்ன என்று பாருங்கள். "போதைப்பொருள் தடுப்பு முக்கியமா?" என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அரசு எப்போதும் ஜெயிக்கும். "இந்த ஆட்களுக்கு, இந்தச் சடங்குக்கு, விலக்கு கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னும் இரண்டு வழக்குகள். அரிசோனா பாலைவனத்தில் எல்லை தாண்டி வரும் மக்கள் தாகத்தில் செத்துப்போகிறார்கள். 2017ல் நான்கு தன்னார்வலர்கள் அங்கே உள்ள ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போய்த் தண்ணீர் கேன்களும் பீன்ஸ் டப்பாக்களும் வைத்துவிட்டு வந்தார்கள். அனுமதியில்லாமல் நுழைந்ததும், பொருளைப் போட்டுவிட்டு வந்ததும் குற்றம் என்று தண்டிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் மத்திய மாவட்ட நீதிபதி ரோஸ்மேரி மார்க்கெஸ் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். உயிரைக் காப்பது தங்கள் ஆன்மிகக் கடமை என்று அவர்கள் சொன்னது மெய்யானது, அவர்களைத் தண்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அரசு காட்டவில்லை என்பது தீர்ப்பு.

அடுத்தது ஜார்ஜியாவில் கிங்ஸ் பே கடற்படைத் தளம். 2018 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில், ஏழு கத்தோலிக்கர்கள் வேலியை வெட்டி உள்ளே போனார்கள். அணு ஆயுதம் தாங்கும் நீர்மூழ்கிகள் நிற்கும் இடம் அது. சுத்தியலும் தங்கள் ரத்தம் நிரப்பிய புட்டிகளும் கொண்டு போய் எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களுடைய பக்தியை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட தளத்தின் பாதுகாப்பு மிக அவசியமான காரணம், யாரோ உள்ளே வந்து உடைப்பதற்கு விலக்கு கொடுத்துவிட்டு அந்தப் பாதுகாப்பை நடத்த முடியாது என்ற அரசின் பதில் நின்றது. ஏழு பேரும் தண்டனை பெற்றார்கள். இந்த இரு வழக்குக்காரர்களின் நம்பிக்கையும் ஒரே ஆழம்தான், வழக்கைத் தீர்மானித்தது அரசால் சொல்ல முடிந்த பதில்.

மற்றவர் உடம்பில் கை வைக்கும் இடத்தில் இந்த வாதம் கிட்டத்தட்டத் தோற்றுத்தான் போகிறது, அது சரியும்கூட. 1944ல் மாசசூசெட்ஸில் தன் பொறுப்பில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருவில் மதப் பத்திரிகை விற்க அழைத்துப் போன பெண்ணைக் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி தண்டித்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பெற்றோர் தாங்கள் தியாகியாக விரும்பினால் ஆகலாம், பிள்ளைகளைத் தியாகியாக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவம் வேண்டாம், ஜெபம் போதும் என்று இருந்த வீடுகளில் குழந்தைகள் இறந்த பிறகு, 2011ல் ஒரிகன் மாநிலமே தன் சட்டத்தில் இருந்த அந்த மத விலக்கை நீக்கியது. ஆல் ஸ்மித்தின் கள்ளி அவர் வயிற்றுக்குள் மட்டும்தான் போனது. ஒரு குழந்தையின் காய்ச்சல் அப்படி இல்லை.

முன்பே சொன்ன "குறிவைக்கும் சட்டம்" சில சமயம் பொதுச் சட்டம்போல வேடம் போட்டு வரும். புளோரிடாவின் ஹயலியா நகரில் 1987ல், சாந்தேரியா என்ற ஆப்பிரிக்க-கியூப மதத்தினர் கோயில் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நகர மன்றம் அவசரமாகக் கூடி மிருக பலியைக் குற்றமாக்கியது. ஆடு கோழிகளின்மேல் கருணை, பொதுச் சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் கசாப்புக் கடைக்கு விலக்கு, யூதர்களின் கோஷர் அறுப்புக்கு விலக்கு, வேட்டைக்கு விலக்கு. எல்லா விலக்கும் போக, தடை விழுந்தது சாந்தேரியாமேல் மட்டும்தான். 1993ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை அடித்தது. கிடா வெட்டும் ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு சட்டம் உண்மையிலேயே பொதுவானதா என்று பார்க்க, அதில் யார் யாருக்கு விலக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் பாதை வேறு, தொடங்கிய இடம் மட்டும் பக்கத்தில்தான். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று சேர்த்துச் சொல்லிவிட்டது. பம்பாயில் 1946லும் சென்னை மாகாணத்தில் 1949லும் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. ஆண் வாரிசு வேண்டும், அதற்காக இரண்டாம் மணம் என்பது சமய உரிமை என்ற வாதம் எழுந்தது. மகன் வேண்டுமானால் தத்து எடுத்துக்கொள்ளலாமே என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. நம்பிக்கை வேறு, வழக்கம் வேறு என்று யூட்டா வழக்கில் போட்ட அதே கோட்டை இங்கேயும் பார்க்கலாம். இன்னொரு பக்கம், சீக்கியர் கிர்பான் என்ற குறுவாளை அணிவதைச் சாசனமே பெயர் சொல்லிக் காக்கிறது, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட் சட்டம் விலக்கு தருகிறது. எழுதும்போதே நினைவு வைத்து எழுதிய விலக்குகள் இவை.

ஸ்மித்துக்கு அப்புறம் என்ன ஆனது? நீதிமன்றத்தில் தோற்ற மறு வருடமே, 1991ல், ஒரிகன் சட்டமன்றம் மெய்யான வழிபாட்டில் பெயோட்டி உண்பதை ஓர் எதிர்வாதமாக ஏற்றுச் சட்டத்தைத் திருத்தியது. உண்பவர் எந்த இனம் என்று அந்தத் திருத்தம் கேட்பதில்லை. 1994ல் மத்திய நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றியது. ஆனால் அது மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடிகளின் உறுப்பினர்களுக்கு மட்டும். வெள்ளையரான கேலன் பிளாக் அதில் வர மாட்டார். அது மட்டும் இல்லை. கிளமத் குடிக்கான அங்கீகாரத்தை 1954ல் மத்திய அரசு பறித்திருந்தது, திரும்பக் கொடுத்தது 1986ல். 1984ல் அந்த இரவு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆல் ஸ்மித்தைக்கூட அந்தச் சட்டம் காப்பாற்றியிருக்காது. அவர் 2014ல், தன் 95ஆம் வயதில் காலமானார்.